இணைப்பும் சான்றும்: தேடுபொறித் தரவரிசையில் இணைப்புப் பண்புகளின் வரலாறு

1. தோற்றுவாய்

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் வழியில் அமைந்த பேரூர் மங்கலம்பேட்டை. அதனை அடுத்துள்ள விருத்தாசலம் இந்நாளில் பீங்கான் தொழிலாற் பெயர் பெற்றது; அத்தொழில் நுட்பத்தைப் பயிற்றுதற்கெனத் தனிக் கல்வி நிலையமும் ஆங்கு உண்டு. இந்நகரையே தேவார ஆசிரியர்கள் முதுகுன்றம் என வழங்கினர். விருத்தம் என்பது முதுமை. அசலம் என்பது மலை. ஆதலின் முதுகுன்றம், விருத்தாசலம் என்பன ஒரு பொருளை இரு மொழிகளிற் சுட்டிய பெயர்களேயாம்.

மங்கலம்பேட்டையில் வாழும் மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் 'விருத்தாசலம் கோயில்' என எழுதித் தேடுவதாகக் கொள்வோம். செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுப்பித்த முதுகுன்றத்துக் கோயிலைப் பற்றி அறிஞர் ஒருவர் எழுதிய நல்லதொரு கட்டுரை இணையத்தில் உள்ளது என்றும், அதன்கண் விருத்தாசலம் என்னும் சொல் ஓரிடத்தும் வரவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். தேடுபொறி அக்கட்டுரையைக் கண்டு காட்டுமா? காட்டினும் முதற்கண் காட்டுமா, நூறு பக்கங்களுக்குப் பின்னரா? இவ்வினாவிற்குரிய விடையில் ஒரு பெரும்பகுதி அக்கட்டுரையினுள் இல்லை. அதனைச் சுட்டிப் பிறர் இட்ட இணைப்புகளில் உள்ளது.

இணைப்பு என்பது ஓர் இணையப் பக்கத்திலிருந்து மற்றொன்றைச் சுட்டும் குறி. அதன்கண் மூன்று கூறுகள் உள்ளன. ஒன்று, சுட்டப்படும் பக்கத்தின் முகவரி. மற்றொன்று, படிப்போர் கண்ணுக்குத் தோன்றும் இணைப்புச்சொல். மூன்றாவது, படிப்போர்க்குத் தோன்றாமல் பொறிக்கு மட்டும் புலனாகும் பண்புக்கூறு. பெயர்ச்சொல்லுக்கு அடை எவ்வாறோ அவ்வாறே இணைப்பிற்கு இப்பண்புக்கூறு. இச்சுட்டு எத்தகைய சுட்டு என்பதை அது வரையறுக்கின்றது. இம்மூன்றாம் கூறு தோன்றிய வரலாற்றையும், தரவரிசையில் அது விளைத்த மாற்றங்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இணைப்பு என்பது ஒருவகைச் சான்று. சான்றின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு அதன் தன்மையைக் கொள்ளாதவிடத்துப் பொய்ச்சான்று பெருகும் என்பது இவ்வாராய்ச்சியாற் பெறப்படும் முடிபு. தமிழ் உரையாசிரியர்கள் நன்கறிந்திருந்த உண்மை அது.

2. மேற்கோளும் அதன் வகையும்

பிறர் கூற்றை எடுத்துக்காட்டுவோர் அனைவரும் அதற்கு உடன்பட்டவர் ஆகார். நன்னூல் செய்த பவணந்தி முனிவர், நூலாசிரியர் மேற்கொள்ளும் மதங்களை எழுவகையாகப் பகுத்தார். பிறர் கருத்துக்கு உடன்படுதலும், அதனை மறுத்தலும், முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதலும், இருவர் முரணியவிடத்து ஒன்றைத் துணிதலும், பிறர் நூலிற் குற்றம் காட்டுதலும், தாமே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தலும், பிறர் கருத்தொடு படாது தம் கருத்தையே கொள்ளுதலும் ஆகிய ஏழனுள், ஐந்து பிறர் கூற்றைப் பற்றியன. அவ்வைந்தனுள்ளும் முழு உடன்பாடு ஒன்றே என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

உரைமரபு இதனை மெய்ப்பிக்கின்றது. தொல்காப்பியத்திற்கு முதற்கண் உரை கண்ட இளம்பூரணர், பின்னையோரால் உரையாசிரியர் என்றே சிறப்பித்துக் குறிக்கப்பட்டார். 13ஆம் நூற்றாண்டினரான சேனாவரையர் சொல்லதிகாரத்திற்கு உரை வகுக்கையில் அவ்வுரையாசிரியரைப் பலகால் எடுத்துக்காட்டுகின்றார். அங்ஙனம் காட்டும் இடங்களிற் பல மறுத்தற்பொருட்டே. சேனாவரையர் உரையில் இளம்பூரணர் எத்தனை முறை சுட்டப்படுகின்றார் என எண்ணி, அவ்வெண்ணிக்கையை உடன்பாட்டின் அளவாகக் கொள்வானொருவன், மறுக்கப்பட்ட கருத்துகளையே ஏற்கப்பட்டனவாக மயங்குவான். சுட்டினமை வேறு, உடன்பட்டமை வேறு.

மறுத்துச் சுட்டுதல் பயனற்றதோ எனின், அன்று. குண்டலகேசியை மறுக்க எழுந்தது நீலகேசி. குண்டலகேசி நூல் முழுவதும் கிடைத்திலது. எனினும் அதன் செய்யுள்கள் சில புறத்திரட்டானும் நீலகேசி உரையானும் நமக்கு எட்டியுள்ளன. மறுத்தவர் கைப்பட்டதனால் வாழ்ந்த நூற்பகுதி அது. ஆதலின் உடன்படாத சுட்டும் ஒரு செய்தியைத் தருகின்றது. அது தரும் செய்தி உடன்பாடன்று என்பதே வேறுபாடு. பிற்காலத் தேடுபொறிகள் இவ்விரண்டு உண்மைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கற்கவேண்டியிருந்தது.

3. மேற்கோளை எண்ணும் முறை

மேற்கோளைத் தொகுத்து அட்டவணை செய்யும் வழக்கம் சட்டத்துறையில் வளம்பெற்றது. அமெரிக்க நாட்டு இல்லினாய் மாநிலத்தைச் சார்ந்த ஃபிராங்க் செப்பர்டு என்பார் 1873இல், ஒரு தீர்ப்பைப் பின்வந்த தீர்ப்புகள் எங்கெங்குச் சுட்டியுள்ளன என்பதைக் காட்டும் அட்டவணையைத் தொடங்கினார். வழக்கறிஞர் தம் நூல்களின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுமாறு பசைத்தாள்களில் அவை முதலில் அச்சிடப்பெற்றன. அவ்வட்டவணையின் வளர்ச்சியில் ஒவ்வொரு சுட்டிற்கும் ஓரெழுத்துக் குறி அமைந்தது. பின்வந்த தீர்ப்பு முன்னதைப் பின்பற்றியதா, வேறுபடுத்திக் காட்டியதா, ஐயுற்றதா, தள்ளியதா என்பதை அவ்வெழுத்து உணர்த்தும். சுட்டும் சுட்டின் தன்மையும் ஒருங்கே பதிவுசெய்யப்பட்ட முறை இது. தள்ளப்பட்ட தீர்ப்பை நம்பி வழக்காடுவான் தோற்பான் ஆதலின், அத்துறையினர்க்குச் சுட்டின் தன்மை உயிர்நிலையாயிற்று.

அவ்வட்டவணை நிறுவனத்தில் முன்னர்ப் பணியாற்றிய வில்லியம் அடேர் என்பவரால் இம்முறையை அறிந்த யூஜீன் கார்ஃபீல்டு, அறிவியற் கட்டுரைகளுக்கும் இத்தகைய அட்டவணை வேண்டும் என 1955இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். அவர் நிறுவிய கழகம் 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டது. ஆனால் சட்ட அட்டவணையிலிருந்த எழுத்துக்குறிகள் இதில் இடம்பெறவில்லை. இலக்கக்கணக்கான மேற்கோள்களைப் படித்து ஒவ்வொன்றன் தன்மையையும் துணிதல் அரிதாகலின், சுட்டு மட்டும் எண்ணப்பட்டது. ஒருவர் பிறரை மேற்கோள் காட்டுதற்குரிய காரணங்கள் 15 என வகுத்தவரும், மறுத்தலை அவற்றுள் ஒன்றாக வைத்தவரும் கார்ஃபீல்டே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அவர் குறையை அறியாதார் அல்லர். எளிமை கருதி அதனைப் பொறுத்தனர்.

1976இல் காபிரியேல் பின்ஸ்கி, ஃபிரான்சிஸ் நாரின் என்னும் இருவர் ஒரு திருத்தம் கண்டனர். எல்லா மேற்கோளும் ஒரு நிறையுடையன அல்ல. மதிப்புடைய இதழ் காட்டும் மேற்கோள் மிகுந்த நிறையுடையது என்று அவர் கணக்கிட்டனர். சான்றோர் ஒருவர் சொல், பலர் சொல்லினும் மேம்பட்டது என்னும் உலகியல் இங்ஙனம் கணிதமாயிற்று.

4. இணைப்பு தரவரிசைக்கு அடிப்படையானமை

டிம் பெர்னர்சு லீ 1989இல் ஜெனீவாவில் இணையத்திற்குரிய திட்டத்தை வரைந்தார். பக்கங்களை எழுதுதற்குரிய எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியின் 2.0 வரையறை 1995 நவம்பரில் வெளிவந்தது. அதன்கண் இணைப்பிற்கு 'ரெல்', 'ரெவ்' என இரு பண்புக்கூறுகள் இடம்பெற்றன. சுட்டும் பக்கத்திற்கும் சுட்டப்படும் பக்கத்திற்கும் உள்ள உறவை முன்னது கூறும். அதன் மறுதலையைப் பின்னது கூறும். உறவின் தன்மையைச் சொல்ல இடம் தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்டிருந்தது. எனினும், நெடுங்காலம் அவ்விடத்தைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவார் இலர்.

1998 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவிலுள்ள பிரிஸ்பேன் நகரில் உலக வலை மாநாடு நடைபெற்றது. அதன்கண் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான செர்கே பிரின், லாரி பேஜ் இருவரும் கூகுள் என்னும் தேடுபொறியின் அமைப்பை விளக்கும் கட்டுரையை அளித்தனர். அப்பொழுது அவர்கள் திரட்டியிருந்தவை ஏறத்தாழ 2 கோடியே 40 இலட்சம் பக்கங்கள். அவற்றை வரிசைப்படுத்த அவர்கள் கண்ட அளவை பேஜ்ரேங்க் எனப்பட்டது. அதன் நெறி எளிது. ஒரு பக்கத்தின் மதிப்பு, அதனைச் சுட்டும் பக்கங்களின் மதிப்பிலிருந்து வருவது. ஒரு பக்கம் தன் மதிப்பைத் தான் சுட்டும் பக்கங்களுக்குச் சமமாகப் பகிர்ந்தளிக்கும். 12 அலகு மதிப்புடைய பக்கம் 6 பக்கங்களைச் சுட்டின், ஒவ்வொன்றும் 2 அலகு பெறும். இவ்வாறு செல்லும் மதிப்பில் 0.85 பங்கே கொள்ளப்படும் என்பது அவர்கள் வைத்த வரம்பு. வாசகர் ஒருவர் எப்பொழுதும் இணைப்பு வழியே செல்லார், இடையில் அதனை விடுத்து வேறு பக்கத்திற்குத் தாவுதலும் உண்டு என்பதே அவ்வரம்பிற்குக் காரணம்.

இணைப்புச்சொல்லையும் அவர்கள் பயன்கொண்டனர். ஒரு பக்கத்தைச் சுட்டும் சொல், சுட்டும் பக்கத்திற்கேயன்றிச் சுட்டப்படும் பக்கத்திற்கும் உரியதாகக் கொள்ளப்பட்டது. முதற்கண் கூறிய எடுத்துக்காட்டில், யாரேனும் ஒருவர் 'விருத்தாசலம் கோயில் வரலாறு' என்னும் சொற்களால் அம்முதுகுன்றக் கட்டுரையைச் சுட்டியிருப்பின், அச்சொல் தன்னுள் இல்லாத கட்டுரையும் அச்சொல்லுக்குரியதாகத் தேடுபொறியால் அறியப்படும். 'இங்கே காண்க' என்று சுட்டியிருப்பின் அந்நன்மை இல்லை.

அதே மாநாட்டில் ஐ.பி.எம். ஆய்வகத்தினர் அளித்த கட்டுரையொன்றும் இத்துறைக்குரியது. அதன் ஆசிரியருள் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற பிரபாகர் இராகவன். 2020 முதல் 2024 வரை கூகுளின் தேடற்பிரிவை நடத்தியவரும் இவரே. இணைப்பைச் சூழ்ந்த சொற்கள் தேடப்படும் பொருளொடு பொருந்துமாயின் அவ்விணைப்பிற்கு நிறை கூட்டலாம் என்பது அக்கட்டுரையின் கருத்து. அவ்வாண்டிலேயே, சென்னை ஐ.ஐ.டி. மாணவராயிருந்த கிருஷ்ண பரத், மோனிகா ஹென்சிங்கர் என்பாரொடு சேர்ந்து மற்றொரு திருத்தம் கூறினார். ஒரே தளத்திலுள்ள பல பக்கங்கள் ஒரு பக்கத்தையே சுட்டின், அவை அனைத்தும் சேர்ந்து ஒரு சான்றின் நிறையே பெறல் வேண்டும் என்பது அது. ஒருவன் பத்து முறை சொன்ன சான்று பத்துப்பேர் சான்று ஆகாதன்றோ?

5. பொய்ச்சான்று பெருகியமை

முதுகுன்றத்தைப் பற்றிய வரலாறு ஒன்று ஈண்டு நினைவிற்கு வருகின்றது. சுந்தரர் ஆங்குப் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்றும், எடுத்த பொன்னை உரைத்து மாற்றுக் காண, முன்னரே ஒரு துணுக்கை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார் என்றும் கூறுவர். ஓரிடத்தில் இட்ட மதிப்பு மற்றோரிடத்தில் தோன்றும்பொழுது மாற்று உரைத்துப் பார்த்தல் வேண்டும் என்பது பொன்னறிந்தார் வழக்கம். தொடக்ககாலத் தேடுபொறி மதிப்பைக் கடத்தக் கற்றது. உரைகல்லைத் தேட அதற்குச் சில ஆண்டுகள் ஆயின.

தரவரிசையில் முதலிடம் பெறுதல் வாணிகத்திற் பெரும் பயன் தருவதாகலின், இணைப்பு விலைப்பொருளாயிற்று. ஒருவர்க்கொருவர் இணைப்பு மாற்றிக்கொண்டனர். பணம் கொடுத்து வாங்கினர். ஒருவரே பல நூறு தளங்களை அமைத்துத் தம் தளத்தையே சுட்டினர். இவற்றினும் எளிய வழியொன்றும் இருந்தது. வருவோர் எவரும் எழுதலாம் எனத் திறந்துவைத்த குறிப்பேடுகளிலும் மறுமொழிப் பகுதிகளிலும், பொறிகளைக்கொண்டு ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒட்டினர். தளத்திற்குரியவர் எழுதாத இணைப்பு, அவர் தந்த சான்றாக எண்ணப்பட்டது. வீட்டுச் சுவரில் யாரோ ஒட்டிய சுவரொட்டியை வீட்டார் உறுதிமொழியாகக் கொண்டதனோடு இஃது ஒக்கும்.

இக்கேட்டைக் களைதற்கு இருவகை முயற்சிகள் எழுந்தன. 2004ஆம் ஆண்டளவில் சிலர், 'ரெவ்' என்னும் பண்புக்கூற்றில் ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்னும் மூன்று குறிகளை இடலாம் என்றனர். பவணந்தியாரின் பகுப்பொடு ஒருபுடை ஒத்த திட்டம் அது. எனினும் அது வழக்கிற் பரவவில்லை. 'ரெவ்' என்பதே பிற்றை வரையறையில் கைவிடப்பட்டது. மற்றது, 2005 சனவரி 18ஆம் நாள் கூகுள் அறிவித்தது. 'ரெல்' என்னும் பண்புக்கூற்றில் 'நோஃபாலோ' என்னும் குறி இடப்பட்ட இணைப்பைத் தரவரிசைக்கு எண்ணுவதில்லை என அந்நிறுவனம் கூறியது; யாகூ, மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றின் தேடுபொறிகளும் அதற்குத் துணைநின்றன. பதிவு எழுதுதற்குரிய மென்பொருள் செய்வோர் பலர், மறுமொழிகளில் வரும் இணைப்புகளுக்கு அக்குறியைத் தாமாகவே இடத் தொடங்கினர்.

'பின்தொடராதே' என்பது அக்குறியின் சொற்பொருள். படிப்போர்க்கு அது தடையன்று. அவர் அவ்வழியே செல்லலாம். 'யான் இதனைச் சுட்டுகின்றேன். இதற்கு யான் சான்று அல்லேன்' என்பதே பொறிக்கு அது கூறும் பொருள். முதல் திட்டம் மூன்று குறிகளால் ஆகியது, இதுவோ ஒன்றே. மறுத்தல், ஐயுறுதல், அறியாமை, விளம்பரம், அயலான் ஒட்டியது ஆகிய அனைத்தும் ஒரே குறியுள் அடங்கின. எளிமையே அதன் வெற்றிக்குக் காரணம். அவ்வெளிமையே அதன் குறையும் ஆயிற்று.

6. ஒரு குறி பலவாகப் பிரிந்தமை

நோஃபாலோ வந்தபின் நிகழ்ந்தவை மூன்று.

முதலாவது, அச்சத்தாற் பொதுவாக இடுதல். 2007 சனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா தன் புற இணைப்புகள் அனைத்திற்கும் நோஃபாலோ இட்டது. இன்று தமிழ் விக்கிப்பீடியாவின் புற இணைப்புகளும் அக்குறியொடே அமைகின்றன. விளம்பரத்தார் வந்து இணைப்பு ஒட்டுதலை இது தடுத்தது. ஆனால் நேரிய தொகுப்பாளர் ஒருவர் ஆராய்ந்து இட்ட மேற்கோளும், விளம்பரத்தான் ஒட்டியதும் பொறியின் முன் ஒரு தன்மையவாயின. ஒரு கட்டுரை மற்றொரு கட்டுரையைச் சுட்டும் அக இணைப்புகளுக்கு இக்குறி இல்லை. ஆதலின் மங்கலம்பேட்டை போன்ற பேரூரைப் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரை தன் உடன்பிறந்த கட்டுரைகளால் மதிப்புப் பெறும். அவ்வூரைப் பற்றி வேறொரு தளத்தில் ஒருவர் முயன்று எழுதிய வரலாறோ, அக்கட்டுரைக்கே மூலமாயினும், அச்சுட்டால் எண்ணத்தக்க மதிப்பு ஒன்றும் பெறாதிருந்தது.

இரண்டாவது, குறியைச் சூழ்ச்சிக்குப் பயன்படுத்துதல். 12 அலகு மதிப்பும் 6 இணைப்புகளும் உடைய பக்கத்தில் மூன்றற்கு நோஃபாலோ இட்டால், ஏனைய மூன்றும் இரண்டிரண்டு பெறுதற்கு மாறாக நான்கு நான்கு அலகு பெறும் என்று தளம் நடத்துவோர் கண்டனர். தமக்கு வேண்டிய பக்கங்களுக்கு மதிப்பைத் திருப்பிவிடும் வாய்க்காலாக அக்குறி மாறியது. 2009 சூனில், இம்முறை இனிப் பயன்படாதென்றும் கணக்கு முன்னரே மாற்றப்பட்டதென்றும் கூகுளின் மேட் கட்ஸ் வெளிப்படுத்தினார். புதிய கணக்கில் மதிப்பு ஆறாகவே பகுக்கப்படும். குறியிட்ட மூன்றன் பங்கு எவர்க்கும் சேராது ஒழியும். ஏனையவை இரண்டிரண்டே பெறும். வாய்க்காலை அடைத்தவன் வயலுக்கு நீர் மிகவில்லை.

மூன்றாவது, குறியிடாமல் விற்றல். விலைக்கு வாங்கிய இணைப்பிற்கு நோஃபாலோ இடவேண்டும் என்பது கூகுளின் விதி. விதியைப் பலர் பேணவில்லை. 2012 ஏப்ரலில் பெங்குவின் எனப் பெயரிய திருத்தத்தால், செயற்கை இணைப்புகளை நம்பிய தளங்கள் பல தரவரிசையிற் கீழிறங்கின. அவ்வாண்டு அக்டோபரில், தம்மைச் சுட்டும் தீய இணைப்புகளைத் தாமே மறுத்துரைக்கும் கருவியொன்றும் அளிக்கப்பட்டது. தம்மைப் புகழ்ந்தவனை 'இவன் என் சான்று அல்லன்' என்று தாமே கூறவேண்டிய நிலை மேற்கோள் வரலாற்றிற் புதுமையானது.

இவற்றின் பயனாக 2019 செப்டம்பர் 10ஆம் நாள் கூகுள் தன் நெறியை இருவகையில் மாற்றியது. முதற்கண், ஒரு குறி மூன்றாயிற்று. பணத்திற்கோ பிற ஈட்டிற்கோ இட்ட இணைப்பிற்கு 'ஸ்பான்சர்டு' என்பதும், வருவோர் எழுதிய பகுதியிலுள்ள இணைப்பிற்கு 'யுஜிசி' என்பதும், இரண்டிலும் அடங்காது சான்றளிக்க விரும்பாதவற்றிற்குப் பழைய நோஃபாலோவும் உரியவாயின. யுஜிசி என்னும் எழுத்துகள் பல்கலைக்கழகத்தார்க்கு வேறொன்றை நினைவூட்டும். ஈண்டுப் பயனர் ஆக்கிய உள்ளடக்கம் என்பதே பொருள். அடுத்து, இக்குறிகள் கட்டளை என்னும் நிலையினின்று நீங்கிக் குறிப்பு என்னும் நிலையை அடைந்தன. குறியிட்ட இணைப்பை எண்ணுவதா, விடுவதா என்பதைத் தேடுபொறி பிற சான்றுகளொடு வைத்துத் தானே துணியும். தரவரிசைக்கு இம்மாற்றம் அன்றே நடைமுறைக்கு வந்தது. பக்கங்களைக் கண்டறிதற்கும் அட்டவணைப்படுத்தற்கும் 2020 மார்ச்சு 1 முதல் வந்தது. மதுரையிற் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை அந்நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாயிருந்த காலத்து நிகழ்ச்சி இது.

இம்மாற்றத்தின் காரணம் எளிதில் விளங்கும். பெருந்தளங்கள் பல எல்லாப் புற இணைப்புகளுக்கும் ஒரே குறியை இட்டமையால், உண்மையான சான்றுகள் பலவும் பொறியின் கணக்கினின்று மறைந்தன. உடன்படாத சுட்டினும் செய்தி உண்டு என்பதை நீலகேசியின் உரையைக்கொண்டு முன்னர்க் கண்டோம். அவ்வுண்மையைத் தேடுபொறி 14 ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டது எனலாம்.

7. தரவரிசையைத் தொடாத பண்புகள்

இணைப்பில் எழுதப்படும் எல்லாக் குறியும் தரவரிசைக்கு உரியன அல்ல. 'நோஓப்பனர்' என்பது, புதிய சாளரத்தில் திறக்கும் பக்கம் பழைய பக்கத்தை ஆளாதவாறு காப்பது. 'நோரெஃபரர்' என்பது, வாசகர் எப்பக்கத்திலிருந்து வந்தார் என்பதை மறைப்பது. 'டார்கெட்' என்பது, எச்சாளரத்தில் திறத்தல் வேண்டும் என்பதைக் கூறுவது. இவை காவலையும் வசதியையும் பற்றியன. சான்றைப் பற்றியன அல்ல. இவற்றை நோஃபாலோவொடு மயங்கி அஞ்சுவாரும் உளர், அம்மயக்கம் வேண்டா.

மறுதலையாக, முகவரியைத் தாங்கும் 'எச்ரெஃப்' என்னும் கூறு முறையாக இல்லாவிடின், கண்ணுக்கு இணைப்பாகத் தோன்றுவதும் பொறிக்கு இணைப்பு ஆகாது. பொத்தானைத் தொட்டால் மட்டும் திறக்குமாறு வேறு நிரல்களால் அமைத்த நூற்பட்டியல்களில் இக்குறை நேர்தல் உண்டு. அத்தகைய பட்டியலில் உள்ள நூல், கதவு இல்லாத அறையிலுள்ள ஓலைச்சுவடி போல்வதாம்.

8. தமிழாய்வுலகிற்கு இதனாலாய பயன்

மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் அளித்துவருகின்றது. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001இல் தோன்றிப் பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆயிற்று. தமிழ் விக்கிப்பீடியா 2003இலும், ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் திட்டம் 2005இலும் தொடங்கின. நூல்கள் ஏறிவிட்டன. அவற்றைச் சுட்டுவார் யார் என்பதே இன்றைய வினா.

தமிழறிஞர் தம் கட்டுரைகளில் மேற்கோள் காட்டுவதில் நுணுக்கமுடையவர். உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில், உரைகளில் எடுத்தாளப்பெற்ற நூல்களின் பெயர்களைத் தொகுத்து அளித்தார். உரைகளிலும் பிற நூல்களிலும் எஞ்சிய குறிப்புகளைக்கொண்டு மயிலை சீனி. வேங்கடசாமி மறைந்துபோன தமிழ் நூல்களைப் பற்றித் தனிநூலே எழுதினார்; 1959இல் அது வெளிவந்தது. மேற்கோள் ஒன்றே நூலின் உயிரைக் காத்த வரலாறு நம்முடையது. ஆனால் அக்கட்டுரையாளரே இணையத்தில் எழுதும்பொழுது, நூற்பெயரைக் கூறி இணைப்பு இடாது விடுகின்றனர். அல்லது 'இங்கே' என்னும் ஒரு சொல்லில் இணைக்கின்றனர். அல்லது அவர் எழுதும் தளத்தின் மென்பொருள், அவர் அறியாமலே எல்லா இணைப்பிற்கும் நோஃபாலோ இடுகின்றது. மூவிடத்தும் அறிஞரின் சான்று பொறியைச் சேர்வதில்லை. அச்சான்று சேராதவிடத்து, விலைக்கு இணைப்பு வாங்கியவனின் சான்று எஞ்சி நிற்கின்றது. மங்கலம்பேட்டை மாணவர் தேடும்பொழுது முதலிற் காண்பது அதனையே.

எனவே செய்யத்தக்கன சில. ஆராய்ந்து உடன்பட்ட மூலத்தைச் சுட்டும்பொழுது எக்குறியும் இடாது விடுதல் வேண்டும். உண்மைச் சான்றை அஞ்சி மறைத்தலும் ஒருவகைப் பொய்யே. மறுத்தற்பொருட்டுச் சுட்டும்பொழுது நோஃபாலோ இடுதல் தகும்; சுட்டாமல் விடுதல் தகாது. மறுக்கப்படும் கூற்றை நேரே காண்பதற்கு வாசகர்க்கு உரிமை உண்டு. துறையின் தளத்தில் விளம்பரமோ நன்கொடையாளர் இணைப்போ இடம்பெறின் ஸ்பான்சர்டு என்னும் குறியும், மாணவரும் பிறரும் எழுதும் பகுதிக்கு யுஜிசி என்னும் குறியும் இடல் வேண்டும். இணைப்புச்சொல் பொருளுடையதாதல் வேண்டும். ஊர்களின் பழம்பெயரும் வழக்குப் பெயரும் வேறாயின், அவ்விரண்டையும் இடமறிந்து வழங்குதல் வேண்டும். முதுகுன்றமும் விருத்தாசலமும் ஓரூர் என்பதை அறிந்தவர், அவ்வறிவைத் தம் இணைப்பில் வைப்பாராயின், அறியாதாரும் பயன்கொள்வர்.

இவற்றால் மட்டும் ஒரு பக்கம் முதலிடம் பெறும் என்று கூறுதல் மிகையாகும். இணைப்பு இன்று தேடுபொறி கொள்ளும் பல சான்றுகளுள் ஒன்று. பக்கத்தின் உள்ளடக்கமும், தேடுவோர் கருத்தொடு அது பொருந்துதலும், மொழியும், இடமும் கணக்கிற்கு வருவன. அன்றியும் பண்புக்கூறுகள் குறிப்பாகவே கொள்ளப்படுதலின், எக்குறி எவ்விணைப்பில் எவ்வளவு நிறை பெறும் என்பதை வெளியிலிருந்து அளந்து கூறல் இயலாது. ஆனால் சான்று சொல்ல உரியவர் வாய்மூடியிருப்பின் அதனால் வரும் கேடு அளவின்றியே விளங்கும்.

9. முடிபு

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன இவை. மேற்கோளின் தன்மையைப் பகுத்துக் காணல் தமிழ் உரைமரபிலும் சட்ட அட்டவணையிலும் பண்டே இருந்தது. அறிவியல் அட்டவணை எளிமை கருதி அதனை விட்டது. 1998இல் தேடுபொறி அவ்வெளிய வடிவையே ஏற்றது. சான்று விலைப்பொருளானபின், 2005இல் 'சான்று அன்று' என்னும் ஒரு குறி வேண்டப்பட்டது. அவ்வொரு குறி போதாதென்று 2019இல் அது மூன்றாகப் பிரிந்தது. கட்டளை குறிப்பாகத் தளர்ந்தது. விடப்பட்ட பகுப்பு, வேறொரு வழியாற் சிறிது சிறிதாகத் திரும்பி வருகின்றது என்பதே இவ்வரலாற்றின் போக்கு.

பவணந்தியார் ஏழாக வகுத்ததை இணையம் இன்னும் மூன்றாகவே வகுத்துள்ளது. மறுத்தற்கெனத் தனிக்குறி அதற்கு இன்றளவும் இல்லை. அக்குறையை நிரப்பும் முறை யாதென ஆராய்தல், மேற்கோள் மரபை நன்கறிந்த தமிழ் மாணவர்க்கு உரிய பணிகளுள் ஒன்றாம்.